மீட்டரில் ஒட்டிய பொட்டு

எங்கள் காரின் மீட்டர் ஓட்டுபவருக்கு நேராக இருக்காது. பழைய சிறிய கார்கள் சிலவற்றில் இருப்பதுபோல, டேஷ்போர்டின் நட்டநடுவில், முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பள்ளத்துக்குள் பொருத்தப்பட்டிருக்கும். வேகம், பெட்ரோல், எச்சரிக்கை விளக்குகள் என்று ஓட்டுபவர் பார்க்கும் எல்லாவற்றையும் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் பார்க்கலாம். கார் வாங்கிய புதிதில் அப்பா இதை ஒரு சிறப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் திருமணத்துக்கு முந்தைய மாதங்களில் அதுவே எங்கள் வீட்டின் பெரிய சங்கடமாக ஆனது.

காரணம் ஓர் எச்சரிக்கை விளக்கு. சிவப்பு நிறம். அதில் ஓர் ஆள் பக்கவாட்டில் அமர்ந்திருப்பார். அவருக்கு முன்னால் ஒரு பெரிய வட்டம். சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடிகளில் அணைந்துவிட வேண்டும். அணைந்தால் ஏர்பேக் சரியாக இருக்கிறது என்று பொருள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், மோதலின்போது அது விரியும் என்பதற்கு உறுதி இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்து, கோயில் மண்டபத்திலிருந்து சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய நாளிலிருந்து எங்கள் காரில் அந்த விளக்கு அணையவே இல்லை.

அப்பா மெக்கானிக்கிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவந்தார். கணினியை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும், வயராக இருக்கலாம், ஸ்டீரிங்குக்குள் இருக்கும் சுருளாக இருக்கலாம், மொத்த ஏர்பேக்கையே மாற்ற வேண்டியும் வரலாம் என்று அவர் சொன்னாராம். அப்பாவின் காதில் தங்கியது அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான். கல்யாணச் செலவெல்லாம் முடியட்டும் என்றார். டேஷ்போர்டு அறைக்குள் கிடந்த காரின் கையேட்டை எடுத்துப் படித்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். எதையும் முழுதாகப் படித்துவிட்டுப் பேசுவது என் பழக்கம். இலக்கியம் படிக்கிறவள் என்பதால் வந்த பழக்கம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். படித்ததைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். ஓரிடத்தில் பழுது என்றாலும் எல்லா ஏர்பேக்குகளும் வேலை செய்யாமல் போகலாம் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "இத்தன வருசத்துல அது ஒரு தடவகூட வெளிய வந்ததில்ல. வராத ஆளுக்கு எதுக்கும்மா காத்துக்கிட்டு இருக்கணும்?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் காரின் முன்னிருக்கைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். யார் வந்தாலும் அப்பா இறங்கிப் போய் இடப்பக்கக் கதவைத் திறப்பார். இருக்கையில் இல்லாத தூசியை உள்ளங்கையால் தட்டிவிட்டு, "உக்காருங்க" என்பார். அம்மா சொந்தக் காரிலேயே பின்னிருக்கைக்கு நகர்ந்துகொள்வார். முன்னிருக்கை காலியாக இருக்கும்போது விருந்தாளியைப் பின்னால் அமர்த்துவது, பந்தியில் ஒருவருடைய இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போவதைப் போன்றது. ஆண்டுகள் கழிந்தாலும் மறக்கப்படாது. ஒருமுறை அவசரத்தில் பின்னால் அமர்த்தப்பட்ட பெரியம்மா ஒருவர் இன்றுவரை எங்கள் காரில் ஏறுவதில்லை. கேட்டால் தனக்கு வயிற்றைப் புரட்டுகிறது என்பார்.

மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. பள்ளிக்கூடத்து வயதிலிருந்து அவரை வளர்த்தவர் அவருடைய சித்தி. நாற்பது வயதுக்காரர். கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில், முன்பு தோட்டம் இருந்த நிலத்தில் எழுந்திருக்கும் புதிய வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். பக்கத்துக் கிளினிக்கில் கவுன்டர் வேலை. அவருடைய ஒரே மகள் வெகுகாலம் கழித்துப் பிறந்தவள், இன்னும் பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளை. திருமணத்துக்குப் பிறகு அக்கா வாழப்போவது அந்த வீட்டில்தான். நாங்கள் அவரை அத்தை என்று அழைத்தோம். எதையும் சிரித்துக்கொண்டே கேட்பார். பதில் வரும்வரை பார்வையை எடுக்க மாட்டார். ஏதோ ஒரு பொய்க்காகத் தன் சொந்தத் தம்பியின் வீட்டுக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார் என்று மாப்பிள்ளை அக்காவிடம் சொல்லியிருந்தார். பொய் பெரியதுகூட இல்லையாம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது அவள் குரலில் பயமும் மரியாதையும் சம அளவில் இருந்தன.

கூறைச் சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டாரின் உரிமை. நகரத்தின் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் எடுப்பது என்று முடிவானது. அந்தச் சனிக்கிழமை அத்தையின் கணவருக்குக் காலை ஷிப்ட். மாப்பிள்ளைக்கும் விடுப்பு இல்லை. அத்தை கார் ஓட்டுவார் என்றாலும் கடல் பாலத்தைத் தாண்டி, நாங்கள் இருக்கும் தீவின் நகரத்துக்குள் வந்து இடம் தேடி நிறுத்த அவருக்கு விருப்பமில்லை. தொலைபேசியில் இதைக் கேட்டதும் அம்மா யோசிக்கவே இல்லை. "நம்ம சின்னவ வந்து கூட்டிக்கிட்டு வருவா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் விளக்கு அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டுச் சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சனிக்கிழமை காலையில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்துக்கு அம்மாவும் என்னோடு இறங்கி வந்தார். முந்தின நாளே கார் கழுவப்பட்டிருந்தது. கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கியது. அம்மா இடப்பக்க இருக்கையில், அத்தை எப்படி அமர்வாரோ அப்படி முதுகை நிமிர்த்தி அமர்ந்து, சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஒன்றைத் தவிர மற்றவை அணைந்தன.

"கண்ணுக்கு நேரால்ல எரியுது" என்றார் அம்மா. பிறகு மெதுவாக, தனக்கே சொல்வதுபோல, "பொண்ணு வீட்டுக்காரங்க ஒழுங்கா ஒரு காடிகூட வச்சிக்கலன்னு நெனைப்பாங்க" என்றார். காரை எங்கள் பக்கத்தில் காடி என்பார்கள்.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தன் நெற்றியில் இருந்த அரக்கு நிறப் பொட்டை எடுத்தார். அம்மா பெரிய பொட்டுத்தான் வைப்பார். வெல்வெட்டில் செய்த, பின்புறம் பசையுள்ள ஒட்டுப்பொட்டு. குளிக்கப் போகும் முன் கண்ணாடியில் ஒட்டி வைப்பது போன்ற அதே இயல்போடு அதை மீட்டரின் பிளாஸ்டிக் மூடியின்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். பொட்டு விளக்கைச் சரியாக மூடியது. ஓரத்தில் ஒரு மெல்லிய சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தது.

"வெயில்ல இது தெரியாது" என்றார். கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, அதே போன்ற இன்னொரு பொட்டைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அவங்களப் பின்னால உட்காரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மொதமொதலா நம்ம காடியில ஏறுறாங்க. பின்னால ஒக்கார வச்சிக் கொண்டாறதுக்கு அவங்க என்ன பசார்ல வாங்கிப் போட்ட சாமானா?"

பொட்டு நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பத்து காவான் போகும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். 'அத்தை, ஏர்பேக் விளக்கு எரிகிறது, நீங்கள் பின்னால் அமர்ந்தால் நல்லது.' இது அம்மாவைக் காட்டிக்கொடுத்தது. 'அத்தை, பின்னால் வசதியாக இருக்கும்.' இது பொய். 'முன்னால் வெயில் அடிக்கும்' என்பது பொய்யும்கூட, அசட்டுத்தனமும்கூட. பல்கலைக்கழகத்துக் கட்டுரைகளில் ஒரு வாக்கியத்தை நான் ஆறேழு முறை திருத்துவேன். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சமாவது மேம்படும். அன்று திருத்தத் திருத்த மோசமானது. கடலின் குறுக்கே உள்ள இரண்டாவது பாலத்தைக் கடந்து அவர்கள் வீட்டுத் தெருவில் திரும்பியபோது என்னிடம் ஒரு வாக்கியமும் மிஞ்சவில்லை.

அத்தை வாசல் கேட் அருகே காத்திருந்தார். ஒரு கையில் முறுக்கு டப்பா. மறு கையில் மகள். பிள்ளையும் வரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அல்லது சொன்னது என் காதில் விழவில்லை.

நான் இறங்கினேன். காரைச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தேன். என் கை தானாக இருக்கையைத் தட்டியது. அப்பா தட்டுவது போலவே.

"உங்கப்பாகிட்ட டிரெய்னிங் எடுத்தியா?" என்று அத்தை சிரித்தார். நிச்சயதார்த்தத்தன்று அப்பா இதேபோல் வேறு யாருக்கோ கதவு திறந்ததை அவர் கவனித்திருக்கிறார். முன்னிருக்கையில் அமர்ந்து, பிள்ளையை மடியில் வைத்து, இருவருக்கும் சேர்த்துப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் கதவைச் சாத்தினேன். சாத்தும் வரைக்கும் நேரம் இருந்தது.

பாலத்தில் நான் இடது ஓரத்திலேயே ஓட்டினேன். லாரிகள்கூட எங்களைத் தாண்டிச் சென்றன. காற்று காரை இலேசாகத் தள்ளியது. முன்னால் ஒரு வண்டியின் பிரேக் விளக்கு எரிந்தால் போதும், என் இடது கை ஸ்டீரிங்கை விட்டுவிட்டுப் பிள்ளையின் மார்புக்குக் குறுக்கே போய் நின்றது. அந்த வேகத்தில் ஒரு கையால் எதைத் தடுக்க முடியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை போனது. அத்தை அதைப் பார்த்தார்.

"நீ ஓட்டுறதப் பாத்தா இந்தப் பாலத்துக்கே தூக்கம் வந்துரும் லா" என்றார். பிறகு அவர் குரல் கனிந்தது. "பரவால்ல. இப்படித்தான் இருக்கணும். புள்ள இருக்குன்னு பாத்து ஓட்டுற பாரு."

ஷிப்ட் இடைவேளையில் இருந்த கணவருக்கு அவர் போன் செய்தார். கிளம்பிவிட்டோம், பாலத்தில் வந்துகொண்டிருக்கிறோம் என்றார். பிறகு என் காதுபடவே என்னைப் புகழ்ந்தார். சின்னப் பெண் ஆமைபோல் ஓட்டுகிறாள், பாப்பாவைக் கை வைத்துப் பிடித்துக்கொள்கிறாள், பெண் வீட்டில் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று சொல்லச் சொல்ல, என் முகம் சூடேறியது. ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். என்னுடைய பயத்தை அவர் பண்பு என்று எண்ணிக்கொண்டிருந்தார். பயத்தின் காரணம் அவர் முகத்திலிருந்து ஒரு முழம் தூரத்தில், ஒரு பொட்டுக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தப் புகழ்ச்சிக்குப் பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

கடலோரச் சாலை முடிந்து நகரத்துக்குள் நுழையும் சிக்னலில் நின்றோம். பிள்ளைக்கு அலுப்புத் தட்டியிருந்தது. பெல்ட்டுக்குள் நெளிந்து, முன்னால் எம்பி, டேஷ்போர்டின் நடுவே இருந்த பள்ளத்துக்குள் கையை விட்டது.

"அம்மா, இங்க பொட்டு."

அடுத்த கணம் பொட்டு அதன் விரல் நுனியில் இருந்தது. சின்னப் பிள்ளைகள் ஒட்டிய எதையும் உரிக்காமல் விட மாட்டார்கள். அதைத் தன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டு, மீட்டரை மறுபடி பார்த்தது.

"இது யாரு? பந்து வச்சிருக்காங்க."

அத்தை குனிந்து பார்த்தார். சிக்னல் இன்னும் மாறவில்லை. அவர் கிளினிக்கில் வேலை செய்கிறவர், கார் ஓட்டுகிறவர். அந்தப் படம் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது எப்பலேருந்து எரியுது?"

"நிச்சயம் முடிஞ்சதுலேருந்து, அத்தை."

"ஒனக்குத் தெரியும்?"

"தெரியும்."

அவர் பிள்ளையின் நெற்றியைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். பிறகு என்னை. சிரிப்பு முழுவதும் போய்விடவில்லை. அது எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"தெரிஞ்சுதான் எங்க ரெண்டு பேரையும் முன்னால ஒக்கார வச்சியா?"

பதில் வரும்வரை பார்வையை எடுக்க மாட்டார் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

"மரியாதைக்கு, அத்தை" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்னவற்றிலேயே மிகச் சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சொல்கூட அதில் பொய்யில்லை. அதைச் சொன்ன குரலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு குறுகுகிறது.

சிக்னல் மாறியது. ஓரமாக நிறுத்தச் சொன்னார். மூடியிருந்த ஒரு கடை வரிசையின் முன்னால் நிறுத்தினேன். அத்தை கதவைத் தானே திறந்து இறங்கினார், அடித்துச் சாத்தவில்லை. பின்னால் ஏறி, பிள்ளையைத் தனியாக அமர்த்தி, அதற்கு ஒரு பெல்ட், தனக்கு ஒரு பெல்ட் என்று மாட்டினார். "போலாம்" என்றார். முறுக்கு டப்பா முன்னிருக்கையிலேயே இருந்தது. மீதித் தூரம் முழுவதும் நான் வாடகைக் கார் ஓட்டுகிறவளைப் போல ஓட்டினேன். பின்கண்ணாடியில், அம்மாவின் பெரிய பொட்டு பிள்ளையின் பாதி நெற்றியை மூடியிருப்பது தெரிந்தது. அதற்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு வந்தது.

அம்மாவும் அக்காவும் எங்களுக்கு முன்பே வந்து கடை வாசலில் நின்றிருந்தார்கள். அக்கா நல்ல சேலை உடுத்தியிருந்தாள். கார் வருவதைக் கண்டதும் அம்மா இரண்டு அடி முன்னால் வந்து, இடப்பக்க முன்கதவை நோக்கிக் கையை நீட்டினார். பின்கதவு திறந்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் எவ்வளவோ சொல்லியும் இப்படிச் செய்துவிட்டாயே என்ற குற்றச்சாட்டு இருந்தது. விருந்தாளியைச் சாமானைப் போலக் கொண்டுவந்துவிட்டேன் என்றுதான் அவர் முதலில் நினைத்தார்.

பிள்ளை இறங்கி அம்மாவிடம் ஓடியது. "இங்க பாருங்க" என்று நெற்றியைக் காட்டியது.

அம்மாவின் விரல்கள் அவர் அறியாமலே எழுந்து தன் நெற்றியைத் தொட்டன. பொட்டு அங்கே இருந்தது. அதே நிறம், அதே அளவு. அவர் கையைக் கீழே போட்டதை அத்தை பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா மட்டும் எதுவும் தெரியாமல், "பாப்பா பெரிய மனுசி ஆயிட்டா" என்று சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கினாள்.

கடைக்குள் அத்தை எந்தக் குறையும் வைக்கவில்லை. சேலைகளை விரித்துப் போடச் சொல்லி, ஒவ்வொன்றாக அக்காவின் தோளில் வைத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் நிறம் பார்த்தார். உனக்குப் பிடித்ததைச் சொல், என் பிடித்தம் முக்கியமில்லை என்று அக்காவிடம் சொன்னார். அம்மாவிடமும் அபிப்பிராயம் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" என்றார்; எதைக் காட்டினாலும் நல்லா இருந்தது. நான் பிள்ளையின் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னை ஒருமுறையும் பார்க்கவில்லை. பாலத்தில் என்னைப் பற்றி அவர் பேசியதெல்லாம் என் காதுக்குள் மறுபடி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

அரக்கு நிறத்தில் தங்கக் கரை போட்ட ஒரு சேலை அமைந்தது. வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று அம்மா அழைத்தார். வீட்டில் வேலை இருப்பதாக அத்தை சொன்னார். கடை வாசலில் நின்று கைப்பேசியை எடுத்து, திரும்பிப் போக ஒரு வாடகைக் காருக்குச் சொல்லத் தொடங்கினார்.

"அதெல்லாம் எதுக்கு, சின்னவ கொண்டாந்து விடுவா" என்றார் அம்மா. அந்த வாக்கியத்தை முடிக்கும் முன்பே அவர் குரல் தணிந்துவிட்டது.

அத்தை கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். அக்கா பக்கத்தில் நிற்பதைக் கவனித்தார். பேசியபோது குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி, காடி பழசுன்னா பழசுன்னு சொல்லியிருக்கலாம். எங்க வீட்லயும் எல்லாம் புதுசு இல்ல. வாஷிங் மெஷினுக்கு மூடி கெடையாது, வந்து பாருங்க." அவர் சிரிக்க முயன்றார். "ஆனா மூடி மறைச்சி, அதுக்கு முன்னால என் புள்ளய ஒக்கார வச்சிட்டீங்களே."

அக்கா முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் நெற்றியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"அம்மாவுக்கு அது வெறும் லைட்டு, அத்தை" என்றேன். "புஸ்தகத்தப் படிச்சது நாந்தான். என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும். பாப்பாவ மடியில வச்சப்பவே நான் சொல்லியிருக்கணும்."

பரவாயில்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். எதிர்பார்த்தேன்.

"ஆமா" என்றார். "சொல்லியிருக்கணும்."

கார் வந்தது. அவர் பின்னிருக்கையில் ஏறினார். பிள்ளை எங்களுக்குக் கையசைத்தது. முறுக்கு டப்பா எங்கள் காரிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மா அதைத் திறக்காமல் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அன்று மாலை அக்கா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நான்தான் அந்த வீட்ல போயி இருக்கணும்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

அடுத்த வேலை நாளிலேயே அப்பா விடுப்புப் போட்டுக் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். மெக்கானிக் முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கீழே டார்ச் அடித்தார். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நிச்சயதார்த்தத்தன்று சீர்த்தட்டுகளில் சிலவற்றை நாங்கள் அந்த இருக்கைக்கு அடியில் திணித்திருந்தோம்; வெளியே இழுக்கும்போது தட்டின் விளிம்பு வயரைக் கொக்கிபோல் மாட்டி இழுத்திருக்கிறது. மெக்கானிக் பிளக்கை அழுத்தி மாட்டினார். கணினியை இணைத்துப் பழைய பதிவை அழித்தார். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, அணைந்தது. அம்மா பொட்டை எடுத்து ஒட்டிய நேரத்தைவிடச் சற்றுத்தான் அதிகமாகியிருக்கும். திரும்பி வரும் வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது, அப்பா "இவ்ளோதானா" என்று மட்டும் சொன்னார். அது கேள்வி இல்லை.

திருமணம் நடந்தது. அக்கா அந்த அரக்குச் சேலையைக் கட்டினாள். அத்தை மேடையில் அவளுடைய மாலையைச் சரிசெய்துவிட்டார், அம்மாவோடு சேர்ந்து பந்தி கவனித்தார். பொய் சொன்ன தம்பியின் வீட்டைப் போல எங்கள் வீடு ஆகிவிடவில்லை; அதற்குக் காரணம் எங்களிடம் இருந்த எதுவும் அல்ல, அக்காவிடம் அவர் வைத்த அன்பு என்பதே என் கணிப்பு. அன்று நடந்ததை அவர் அந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆகவே, பாலத்தின்மேலிருந்து அத்தை போனில் சொன்னதை அந்தக் கணவர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் போகும்போதெல்லாம், வந்திருக்கும் விருந்தாளிகளிடம், "சின்னவ மாதிரி பாத்து ஓட்டணும்" என்று என்னைக் காட்டுகிறார். அத்தை அப்போது தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பேன். அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு புகழ்ச்சி வரும்.

சென்ற மாதம் அத்தை நகரத்தில் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அழைத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். கேட்டருகே காரை நிறுத்தி, இறங்குவதா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோதே, அவர் இடப்பக்கக் கதவைத் திறந்தார். ஏறவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்தபடி, திறந்த கதவின் வழியே குனிந்து நின்றார்.

"அணைச்சிட்டு மறுபடி போடு" என்றார்.

எஞ்சினை அணைத்தேன். சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சரியாக இருக்கும் காரிலும் அது முதலில் எரியத்தான் வேண்டும். நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சில நொடிகளும் எனக்கு மிக நீளமாக இருந்தன. அணைந்தது. அணைந்த பிறகும் அவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பின்னிருக்கையில் ஏற்றி, அதற்கென்று வாங்கியிருந்த சிறு இருக்கையில் அமர்த்திப் பெல்ட் மாட்டினார். தான் முன்னால் வந்து அமர்ந்தார்.

மீட்டரின் பிளாஸ்டிக் மூடியில் பொட்டின் பசை வட்டமாகத் தங்கி, அதில் தூசி படிந்து கறுத்திருந்தது. அத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். போகவில்லை.

"தேங்காண்ண தொட்டுத் தேய்ச்சா போயிரும்" என்றார்.

சரி, அத்தை என்றேன். வழியில் வேறு ஏதேதோ பேசினார்; அக்கா வைக்கும் மீன்குழம்பு அவர் வைப்பதைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். பசை போய்விட்டது. இப்போது மீட்டரின் மற்ற பகுதிகள் மங்கலாகவும் அந்த வட்டம் மட்டும் பளிச்சென்றும் இருக்கிறது. அடுத்த முறை அழைக்கப் போனபோதும் அத்தை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்றார். இந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை. நானே எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை மறுபடி திருப்பினேன்.